சந்திரிகா டாக்கீஸ் ஸ்டாப்

வயிறு வலிக்கச் சிரிக்கிற மாதிரி ஒரு சங்கதி வச்சிருக்கேன்லே, போன்ல சொன்னா அதுக்கு மரியாதை இல்ல, நேர்ல வா, வந்து நீயே சிரி என்று அண்ணன் சொல்லியிருந்தான். சொன்ன நாளிலிருந்து ஆவுடையப்பன் அந்தச் சிரிப்பைப் பிரிக்காத பலகாரப் பொட்டலம் மாதிரி மடியில் வைத்துக்கொண்டே இருந்தார். பிலாயில் ரயிலேறும்போதும் அது மடியில் இருந்தது, சென்னையில் ரயில் கிடைக்காமல் பஸ் பிடித்தபோதும் இருந்தது, இப்போது திருநெல்வேலிப் புது பஸ் ஸ்டாண்டில் பேட்டை போகிற டவுன் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் இருந்தது. புது பஸ் ஸ்டாண்டு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் தூண்களில் வெற்றிலைக் கறையும் சுவரில் உப்புப் பூத்ததும் பார்த்தால் அது பழசாகி வெகுகாலம் ஆனமாதிரி இருந்தது. அவர் ஊரைவிட்டுப் போனபோது இப்படி ஒன்று கிடையாது. தான் பார்க்காமலேயே ஒன்று புதிதாக வந்து, தான் பார்க்காமலேயே பழசாகியும் போய்விட்டதை நினைத்தால் யாரோ தன் இலையில் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனமாதிரி இருந்தது. "எங்கண்ணாச்சி?" என்றான் கண்டக்டர். மீசை சரியாக முளைக்காத பையன், விரலிடுக்கில் நோட்டுகளை மடித்துச் செருகியிருந்தான். "சந்திரிகா டாக்கீஸ் ஒண்ணு." பையன் முழிப்பான், அதெல்லாம் எங்க இருக்கு என்று கேட்பான் என்று எதிர்பார்த்தார். அவன் முழிக்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான். ஆக, டாக்கீஸ் இருக்கிறது. எது போனாலும் அது இருக்கிறது. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த நெற்றியில் ஒரு பிறைநிலா, அதன் மேல் எப்போதும் புறா, பக்கத்துச் சந்தில் முறுக்கு எண்ணெய் வாசம். அண்ணன் அங்கேதான் நிற்கிறேன் என்றிருந்தான். பழைய வீடு இல்லலே, பக்கத்துல புதுசா கட்டியிருக்காங்க, உனக்குத் தெரியாது, டாக்கீஸ் ஸ்டாப்ல எறங்கு, நிக்கேன்.

பஸ் கிளம்பியது. டிரைவர் தலைக்கு மேலிருந்து பாட்டு, காதைப் பிளக்கிறமாதிரி. சமாதானபுரத்தில் ஒரு மரம் இருக்குமே, மருத மரம், அதன் கீழ் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவன் இருப்பானே, தேடுவதற்குள் செல்போன் கடை, செல்போன் கடை, கண்ணாடி வைத்த ஒரு ஆஸ்பத்திரி. அண்ணனும் இதே பாதையில்தான் கண்டக்டராக இருந்தான். கண்டக்டர் கோமதிநாயகம் என்றால் ஊரில் தெரியாத ஆள் கிடையாது. முகத்தைவிடக் குரல்தான் பேர் வாங்கியது. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு குரல் வைத்திருந்தான். கோர்ட் வந்தால் தொண்டையைச் செருமி வக்கீல் மாதிரி, கனம் கோர்ட்டார் அவர்களே, எறங்கலாம். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் மூக்கால் பேசுகிற கம்பவுண்டர், மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம், எறங்குங்க. சந்திரிகா டாக்கீஸ் வந்தால் கடைசி ரீலில் கதாநாயகி தேம்புகிற தேம்பல், அத்தான்... டாக்கீஸ் வந்துருச்சு அத்தான்... என்று. பஸ்ஸே குலுங்கிச் சிரிக்கும். அந்தத் தேம்பலைக் கேட்பதற்காகவே ஆர்ச்சில் இறங்க வேண்டியவன் ஒரு ஸ்டாப் முன்னால் டாக்கீஸில் இறங்கி நடந்து போனதாகச் சொல்வார்கள். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள், மடியில் முருங்கைக்கீரைக் கட்டு. "எங்கண்ணே போணும்?" "டாக்கீஸ்." "அது பாலம் தாண்டி வரும்லா. நான் ஜங்ஷன்ல எறங்கிருவேன், இல்லன்னா காட்டியிருப்பேன்." எனக்குக் காட்ட வேண்டாம்மா, நான் இந்த ஊர்க்காரன் என்று சொல்ல வாயெடுத்தார். வாயில் வந்தது பிலாய்க்காரன் தமிழ் மாதிரி ஒன்று, அவளே திரும்பிப் பார்த்தாள். தன் குரலும் போய்விட்டதோ. கரகரப்பு, நடுநடுவே ஹிந்தி இழுவை. அண்ணன் குரல் மட்டும் எப்படி அப்படியே இருக்கிறது. அதுதான் அவரை ரயிலேற்றியது. போனை எடுத்து ஹலோ என்றதும், ஏலேய் ஆவுடை, உசுரோட இருக்கியாலே என்று வந்த அந்தக் குரலில் வயசு ஒரு துளி இல்லை. வழியெல்லாம் கல்லும் மண்ணும் மாறியிருக்க, ஒரு தொண்டைக்குள் மட்டும் ஊர் அப்படியே உட்கார்ந்திருந்தது.

வீட்டில் மனைவி கனகவல்லிதான் கேட்டாள், அது உங்க அண்ணன்தான்னு எப்பிடித் தெரியும் என்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எங்க அண்ணன் குரல் எனக்குத் தெரியாதா? கேட்டுவிட்டு அவரே பேச்சை நிறுத்திக்கொண்டார். கேட்கக்கூடாத வாய் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டமாதிரி இருந்தது. அவள் உள்ளே போனாள். அவளுக்குத் தெரியும். வண்ணார்பேட்டையில் பஸ் நின்று கிளம்பியது. பழைய நினைப்பு எங்கே சுற்றினாலும் அந்த டெலிபோனில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும், தாண்டாது. பிலாய் உருக்காலையில், பிளான்ட் ஆபீஸில் கறுப்பு டெலிபோன், சூப்பர்வைசர் மேசை மேல், யாருக்கு எது வந்தாலும் அதில்தான். ஒரு தடவை அதில் அம்மா பேசினாள். ஏய்யா ஆவுடை, எனக்கு நெஞ்சை அடைக்குய்யா, ஒருக்கா வந்து முகத்தக் காட்டிட்டுப் போ. அவர் லீவு எழுதிக்கொடுக்கக்கூட நிற்கவில்லை. நிற்க இடமில்லாத பெட்டியில் கக்கூஸ் கதவோரம் குந்தி வந்தார், வழியெல்லாம் எதுவும் தின்னாமல். வந்து பார்த்தால் அம்மா சுளவில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என்னய்யா திடுதிப்புன்னு? உள்ளேயிருந்து அதே அம்மா குரல், ஏய்யா ஆவுடை, நெஞ்சை அடைக்குய்யா என்று கேட்டது. அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்தான். பெறகு என்னலே, எழுதினா வரமாட்டேங்க, அம்மா உன் பேரையே சொல்லிட்டுக் கெடக்கா. ஆவுடையப்பன் அண்ணனோடு இரண்டு நாள் பேசவில்லை. அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, மூத்தவனைத் திட்டிக்கொண்டே. அந்த முந்தானையை இப்போதும் பார்க்க முடிகிறது, மஞ்சள் கறை பட்ட ஓரம். அதுதான் கடைசி. அண்ணன் அன்றைக்கு ஏமாற்றாமல் இருந்திருந்தால் அந்த முந்தானைகூட இருந்திருக்காது. இதை எத்தனையோ தடவை நினைத்தாயிற்று, ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சுடும். ஏனென்றால் அதற்கப்புறம் வந்தது இன்னொரு போன்.

பாலம் வந்தது. ஆறு கீழே இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். இருந்தது, ஆனால் ஆகாயத்தாமரை மேலே படர்ந்து ஆறு போர்த்திக்கொண்டு படுத்திருக்கிற ஆள் மாதிரி இருந்தது. அந்த இன்னொரு போனில் அண்ணன் யார் குரலிலும் பேசவில்லை, தன் குரலில்தான் பேசினான். ஆவுடை, அம்மா போயிட்டாலே. அழுதான். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தான், பக்கத்தில் பீடி வலித்துக்கொண்டு இரண்டு பேர். போன தடவை ஏமாந்த கதையை அவர்களிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருந்தார், அவர்கள் இப்போதும் சிரிக்கத் தயாராக நின்றார்கள். ஆவுடையப்பன் அவர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு டெலிபோனுக்குள் சொன்னார்: அழுகை நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் மூக்க உறிஞ்சு. அந்தப் பக்கம் அழுகை நின்றது. சட்டென்று, குழாயைத் திருகினமாதிரி. பிறகு ஒன்றுமில்லை, கம்பிக்குள் காற்று மட்டும் வந்தது. அவர் வைத்துவிட்டார். நான்கைந்து நாள் கழித்துச் சித்தப்பா கார்டு வந்தது, மேல்மூலை கறுப்பு மை தடவி. எல்லாம் முடிந்து போயிருந்தது. அண்ணன் அதற்கப்புறம் கூப்பிடவில்லை. இவர் போகவில்லை. முதலில் எந்த முகத்தோடு போவது என்று போகவில்லை, பிறகு இவ்வளவு காலம் போகாதவன் எந்த முகத்தோடு போவது என்று போகவில்லை. இப்படியே பிள்ளைகள் வளர்ந்து, ரிட்டயர் ஆகி, முட்டி தேய்ந்து. இப்போது அவனே கூப்பிட்டிருக்கிறான். யாரிடமோ நம்பர் வாங்கிக் கூப்பிட்டிருக்கிறான், சிரிக்கலாம் வா என்று. ஜங்ஷன் வந்தது, கீரைக்காரி எழுந்து போனாள், சீட்டில் ஒரு முருங்கை இலை கிடந்தது.

ஆனால் சில விஷயம் உறுத்தாமல் இல்லை. பகலில் கூப்பிட்டால் அண்ணன் எடுப்பதே இல்லை. நீங்கள் தொடர்பு கொண்ட வாடிக்கையாளர் என்று ஒரு பெண் பொறுமையாகச் சொல்வாள், மறுபடி கூப்பிட்டால் மறுபடி அதே பொறுமை. சாயங்காலம் அவனே கூப்பிடுவான். அம்மா பேச்சை எடுத்தால், அதெல்லாம் நேர்ல பேசலாம்லே என்பான். ஒரு தடவை, செம தூக்கம் என்றான். செமயாம். எழுபதை எட்டப்போகிற மனுஷன். ஊரே மாறியிருக்கிறது, அவன் வாயில் ஒரு வார்த்தை மாறினால் என்ன. இன்னொரு பயமும் இருந்தது, அதை முழுசாக நினைக்க விடாமல் பாதியிலேயே திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். சிரிக்க வா என்றது தன்னை வரவைத்து நாலு பேர் முன்னால் நிறுத்தி, இவந்தாம்யா ஆத்தா செத்ததுக்குச் சிரிச்சவன் என்று காட்டுவதற்காக இருந்தால்? அப்படித்தான் என்றாலும் போக வேண்டியதுதான். எதற்காகக் கூப்பிட்டாலும் அண்ணன் குரலை இந்தத் தடவை நம்ப வேண்டும், அவ்வளவுதான், அதற்காகத்தான் இவ்வளவு தூரம். ஈரடுக்குப் பாலத்தில் பஸ் ஏறி இறங்கியது. ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டார். பிறைநிலாவைத் தேடினார். புறா, மஞ்சள் சுவர், சந்து. "டாக்கீஸ் டாக்கீஸ் டாக்கீஸ்" என்று கண்டக்டர் பையன் ராகமில்லாமல் கத்தினான், தகரத்தில் கல் விழுந்தமாதிரி. வெளியே நாலு மாடிக்குக் கண்ணாடி, கண்ணாடிக்குள் தலையில்லாத பொம்மைகள் பட்டுச்சேலை கட்டி நின்றன. பையன் முன்கூட்டியே சத்தம் போடுகிறான், இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும். ஓரத்தில் ஒரு கிழவர், ஒடிசலாக, கழுத்தைச் சுற்றித் துண்டு, பஸ்ஸைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார். கூட ஸ்கூல் யூனிபாரத்தில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்பிள்ளை, அவளும் கையை ஆட்டினாள். யாரையோ கூப்பிடுகிறார்கள். அவர் அண்ணனைத் தேடினார். அண்ணன் அகலமான ஆள், தூரத்திலேயே சத்தம் கேட்கும், அவன் நின்றால் இந்நேரம் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். பையன் விசில் ஊதினான். கிழவர் சில அடி பஸ்ஸோடு ஓடிவந்தார், வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல், கையைத் தட்டித் தட்டி. பாவம், யாரோ ஊமை போலிருக்கிறது.

ஆர்ச் வந்தது, டவுன் வந்தது, தேர் நிற்கிற இடம் தகரக் கொட்டகைக்குள் மறைந்திருந்தது, டாக்கீஸ் மட்டும் வரவில்லை. ஒருவேளை டாக்கீஸ் ஆர்ச்சுக்கு அந்தப் பக்கமாக இருந்ததோ. தன் ஊரின் வரிசையே தனக்குப் பிசகுகிறதோ. அம்மாவோடு நடந்து போன வழியில் முதலில் என்ன வரும், எண்ணெய்க்கடையா, கிணறா? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது. பேட்டையில் பஸ் நின்று எல்லோரும் இறங்கிப் போன பிறகும் உட்கார்ந்திருந்தார். "என்னண்ணாச்சி, நீங்க டாக்கீஸ்லா கேட்டீங்க?" "டாக்கீஸ் வரலியேப்பா." "வந்துச்சே, தொண்டை கிழியச் சத்தம் போட்டேன்லா." "கட்டடம் எதும் காணலியே." பையன் சிரித்தான், பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான். "கட்டடமா? அத நான் பொறக்கதுக்கு முன்னயே இடிச்சாச்சாம் அண்ணாச்சி. இப்பம் ஜவுளிக்கடை. ஸ்டாப்புக்குத்தான் பேரு. எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க, நானும் சொல்லுதேன்." பிறகு, "நீங்க பாத்திருக்கியளோ அந்தத் தியேட்டர? என்ன கலரு?" என்று கேட்டான். மஞ்சள் என்று சொல்ல வந்தார். நிச்சயமாக மஞ்சள்தானா? இல்லாத ஒன்றை இவ்வளவு காலம் வாய் சொல்லிக்கொண்டே இருந்தால், இருக்கிறதாகத்தானே காதுக்குத் தோன்றும். பையன் புது டிக்கெட் வாங்கச் சொல்லவில்லை, இருங்க, இதே வண்டிதான் திரும்பும் என்று டீ குடிக்கப் போனான்.

போன் அடித்தது. "ஏலேய்," என்றான் அண்ணன். "எங்கலே போற? ஜன்னல்ல உம்முனு உக்காந்துட்டு மாப்பிள்ளை ஊர்வலம் போற மாதிரி போறியே. பாத்தேன்." ஆவுடையப்பன் எழுந்தே விட்டார். "நின்னுக்கிட்டா இருந்தே? நான் டாக்கீஸ்னு பாத்துக்கிட்டே... கூப்பிட்டிருக்கலாம்லாண்ணே, நீ ஒரு சத்தம் குடுத்தா பஸ்ஸே நின்னிருக்குமே." அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். அந்த மௌனம் அவருக்குத் தெரிந்த மௌனம், கம்பிக்குள் காற்று. "கூப்பிட்டேன்லே," என்றது குரல். "உனக்குத்தான் கேக்கல." கேட்காதவன்தானே நான். அன்றைக்கும் அதுதானே நடந்தது. "சரி சரி, அதே பஸ்ல திரும்பி வா. எதிர்த்தாப்புல நிக்கேன். போன வச்சிராத. இன்னொரு தடவை தாண்டிப் போனேன்னா கொன்னுருவேன். நானே ஸ்டாப் சொல்லுதேன், காதுல வச்சுக்கிட்டே இரு." பஸ் திரும்பியது. இப்பம் எங்கலே, என்று கேட்டது குரல். டவுன் மாதிரி இருக்கு என்றார். உடனே தொண்டை செருமி ஒரு ஓதுவார், நெல்லையப்பர் கோயில், பக்தகோடிகள் எறங்கலாம். ஆவுடையப்பன் சிரித்தார், சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் ஊறியது. ஆர்ச் என்றார். இரும்பு வியாபாரி, எடை சரியா இருக்கு, எறங்குங்க. அதே ஏற்றம், அதே இறக்கம், எதுவும் உடையாமல். இடித்த கட்டடங்களெல்லாம் அந்தக் குரல் போகப் போக ஜன்னலுக்கு வெளியே ஒன்றொன்றாக எழுந்து நின்றமாதிரி இருந்தது. இறங்குவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது, ஒரு போனுக்குள்தான் அதைச் செய்தார், இன்னொரு போனுக்குள்தான் அதற்கு மன்னிப்பும் கேட்க வேண்டும்.

"அண்ணே," என்றார். "சொல்லுலே." "அன்னைக்கு நீ போன் பண்ணப்போ... அம்மாவுக்கு..." "ம்." "நீ விளையாடுறேன்னுதாண்ணே நெனச்சேன். பக்கத்துல ஆளுங்க இருந்தாங்க... நான் ஒரு வார்த்த சொன்னேன், அத..." டவுன் பஸ்ஸில், அறுபது தாண்டிய ஆள், டிரைவர் கண்ணாடியில் பார்க்கிற அளவுக்கு அழுதார். போனில் ஒரு ஆட்டோ ஹாரன் மட்டும் கேட்டது, நீளமாக. அதே ஹாரன் ஜன்னலுக்கு வெளியேயும் கேட்டது. "டாக்கீஸ் டாக்கீஸ்," என்றான் பையன், "அண்ணாச்சி, இதுதான், எறங்குங்க." பையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தார், போன் காதில். எதிரே தலையில்லாத பொம்மைகள். படிக்கட்டுக்கு நேர் கீழே அந்தக் கிழவர், கழுத்தில் துண்டு, ஒடிசலான தோள். பக்கத்தில் இரட்டைப் பின்னல் பிள்ளை, செல்போனை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கிழவரின் உதட்டையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவரின் உதடு அசைந்தது, சத்தமில்லாமல், நிதானமாக, ரொம்ப நாளாகப் பத்திரப்படுத்தியதை எடுத்து வைக்கிறமாதிரி. அவர் முடித்ததும் பிள்ளையின் உதடு அசைந்தது. ஆவுடையப்பனின் காதுக்குள் அண்ணன் சொன்னான்:

"அழுகை நல்லாருக்குலே. இன்னும் கொஞ்சம் மூக்க உறிஞ்சு."

கிழவரின் தோள் குலுங்கியது. வாய் முழுக்கத் திறந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முன்னே பின்னே ஆடினார், ஒரு சத்தமும் வரவில்லை. ஆடிய ஆட்டத்தில் துண்டு சரிந்தது. தொண்டைக்குழியில் ஆபரேஷன் தழும்பு, அதன் நடுவில் சின்னதாக ஒரு துளை, அதற்குள் காற்று போய்ப் போய் வந்தது. அந்தச் சிரிப்பை ஆவுடையப்பனுக்குத் தெரியும். கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்த சிரிப்பு. இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்தார். காதிலிருந்து போனை எடுத்து அதையும் ஒரு தடவை பார்த்தார்.

"சின்னத் தாத்தா, எறங்குங்க, பஸ்ஸ எடுத்துரப் போறான்," என்றாள் பிள்ளை. இந்தத் தடவை மெல்லிசாக, அவளுடைய சொந்தக் குரலில். கிழவர் கையைத் தட்டினார், ஒரு தடவை, இரண்டு தடவை. ஆவுடையப்பன் மூக்கை உறிஞ்சினார்.